ஒரே சமையல், ஒருவருக்கு ஃபெரிட்டின் 9, இன்னொருவருக்கு 380

உங்களுக்கு 38 வயது. ஹீமோகுளோபின் 11.2, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. கணவருக்கு 44 வயது, ஃபெரிட்டின் 380. வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. உடம்பில் இரும்புக் கையிருப்பு குறைந்தால் குடல் தானாகவே கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது உண்மையென்றால், மூன்று வருடமாக முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு என்று விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏன் 11-ஐச் சுற்றியே நிற்கிறது என்று கேட்கிறீர்கள். அதே சாப்பாட்டில் கணவருக்கு மட்டும் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்றும் கேட்கிறீர்கள். கேள்விக்கு அடியில் ஒரு பயமும் தெரிகிறது: என் குடலுக்கு உறிஞ்சும் சக்தியே போய்விட்டதோ?

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் குடல் நன்றாகவே உறிஞ்சுகிறது. அநேகமாக உங்கள் கணவரின் குடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்பை அது தினமும் உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறது. எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். நான் பொதுமருத்துவம் படித்து, ஒரு மாவட்டத் தலைநகரில் பதினெட்டு வருடமாக வெளிநோயாளிகளைப் பார்ப்பவள். ரத்த சோகை இல்லாத ஒரு நாள்கூட என் அறையில் கழிந்ததில்லை. ஆனால் உங்களை நேரில் பரிசோதிக்கவில்லை, முழு ரிப்போர்ட்டும் என் கையில் இல்லை. ஆகவே இது விளக்கம்தான், மருந்துச் சீட்டு இல்லை.

வளர்ந்த ஒரு மனித உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஒரு சின்ன ஆணியின் எடைதான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியில் கொஞ்சம் தசைகளிலும் நொதிகளிலும் இருக்க, மிச்சம் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் கையிருப்பாகக் கிடக்கிறது. ஆண்களுக்கு இந்தக் கையிருப்பு ஒரு கிராம்வரை இருக்கலாம். மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு 300 மில்லிகிராம் இருந்தாலே நல்ல நிலை. நம் ஊரில் பல பெண்களுக்கு அதுவும் கிடையாது. ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள்தான் உடம்பு இரும்பைப் பொதிந்து வைக்கிறது. அதில் மிகச் சிறிய அளவு ரத்தத்தில் கசிந்து வருவதை நாம் அளக்கிறோம். நோய், வீக்கம் எதுவும் இல்லாத ஆளுக்கு, ரத்த ஃபெரிட்டின் எண்ணில் ஒவ்வொரு ஒன்றுக்கும் சுமார் 8 மில்லிகிராம் கையிருப்பு என்று கணக்கு. இது தோராயமான கணக்குதான். ஆனாலும் உங்கள் 9 என்ற எண்ணைப் பார்க்க இது போதும்: பானையின் அடியில் ஒட்டியிருக்கும் பருக்கை அளவுதான் மிச்சம்.

தினமும் புதிய சிவப்பு அணுக்கள் செய்ய மஜ்ஜைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இது சாப்பாட்டிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வருவதில்லை. 120 நாள் வாழ்ந்து முடித்த பழைய சிவப்பு அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள் உடைத்து, அந்த இரும்பையே திரும்பக் கொடுக்கின்றன. குடல் வழியாகப் புதிதாக வருவது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். தோலும் குடலின் உள்படலமும் உதிர்வதில் அதே அளவு தினமும் வெளியே போகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரை கூடினால் சிறுநீரில் போகும், உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளும். இரும்பு கூடினால் தள்ளிவிட உடம்பில் வழியே இல்லை. 1937-ல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் இருவரும் ஊசி வழியாக இரும்பைச் செலுத்திப் பார்த்து, அது சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவதில்லை என்று காட்டினார்கள். அதுவரை குடல்தான் வேண்டாத இரும்பை வெளியேற்றுகிறது என்ற எண்ணம் இருந்தது. நம் ஊர்க் கண்மாயோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகக் கலிங்கு இருக்கும். இரும்பு விஷயத்தில் நம் உடம்பு கலிங்கு கட்டாத கண்மாய். அப்படிப்பட்ட கண்மாயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வரத்துக்காலிலேயே ஷட்டர் போட்டு, உள்ளே வரும் தண்ணீரை அளந்துதான் விட வேண்டும். உடம்பு அதைத்தான் செய்கிறது.

அந்த ஷட்டர் இருக்கும் இடம் இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடல். அங்குள்ள செல்கள் சாப்பாட்டில் இருக்கும் இரும்பை ஒரு பக்கம் வாங்கி, மறு பக்கம் ஃபெரோபோர்ட்டின் என்ற கதவு வழியாக ரத்தத்துக்குள் விடுகின்றன. இந்தக் கதவை மூடுவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். கையிருப்பு ஏற ஏறக் கல்லீரல் ஹெப்சிடினைக் கூடுதலாகச் சுரக்கும். அது ஃபெரோபோர்ட்டினில் போய் ஒட்டி, கதவையே செல்லுக்குள் இழுத்து அழித்துவிடும். வெளியேற வழியில்லாத இரும்பு அந்தச் செல்லிலேயே தங்கும். சில நாளில் செல் உதிரும்போது அதோடு மலத்தில் போய்விடும். கையிருப்பு குறைந்தால் நேர் எதிர்: ஹெப்சிடின் ஏறக்குறைய மறைந்துவிடும், கதவுகள் திறந்தே இருக்கும். இந்த ஹெப்சிடினைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது கிருமிகளைக் கொல்லும் புரதங்களை. 2001-ல் பிரான்சில் ஓர் ஆய்வகத்தில் வேறொரு ஜீனை முடக்கிய எலிகளுக்கு உடம்பெல்லாம் இரும்பு குவிந்தது. ஏன் என்று தேடியபோது அந்த எலிகளில் ஹெப்சிடின் இல்லை என்று தெரிந்தது. அது ஃபெரோபோர்ட்டினைத்தான் பிடிக்கிறது என்பது 2004-ல் உறுதியானது. நான் எம்.பி.பி.எஸ். படித்தபோது வகுப்பில் இந்தப் பெயரே வரவில்லை. குடல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டால் எங்கள் ஆசிரியர்களிடம் அன்று பதில் இல்லை.

ஆக, கையிருப்புக்கும் உறிஞ்சுதலுக்கும் உள்ள உறவு உறுதியானது. காய்கறி, தானியம், கீரை, பருப்பில் உள்ள இரும்பில் உடம்பு எடுப்பது 2 முதல் 20 சதவீதம்வரை மாறும். அந்த மாற்றத்துக்கு மிகப் பெரிய காரணம் சாப்பிடுபவரின் கையிருப்பு. இறைச்சி, மீன், ஈரலில் இருக்கும் ஹீம் இரும்பு 15 முதல் 35 சதவீதம்வரை உள்ளே போகும். அது கையிருப்பின் சொல்லை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஸ்வீடனில் ஹால்பெர்க் குழுவினர் ஆண்களிடம் அளந்தபோது, ஃபெரிட்டின் 60 அருகில் வந்ததும் உறிஞ்சுவதும் இழப்பதும் சமமாகி, கையிருப்பு மேலே ஏறுவது நின்றுவிட்டது. அவர்கள் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு. அதனால் 60 என்ற எண்ணை அப்படியே எடுக்க மாட்டேன். ஆனால் எங்கோ ஓர் இடத்தில் வரவும் செலவும் சமமாகி நின்றுவிடும் என்ற கருத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தச் சமநிலைதான் உங்கள் கேள்விக்குப் பதில். நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு சுமாராக இருக்கும் ஒருவர், சோறும் பருப்பும் பிரதானமான சாப்பாட்டிலிருந்து 5 சதவீதம் எடுத்தால் அது 0.6 மில்லிகிராம். உங்கள் செலவு எவ்வளவு? எல்லாருக்கும் உதிர்வதில் போவது உங்கள் எடைக்கு சுமார் 0.8 மில்லிகிராம். மாதவிடாய் ஆறு, ஏழு நாள் நீடிக்கிறது, முதல் இரண்டு நாள் இரவிலும் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரிப் பெண் ஒரு மாதத்தில் இழப்பது 30 முதல் 40 மில்லி ரத்தம். 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு என்கிறோம். நீங்கள் சொல்வது 80-க்குக் குறைவாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் ஹீமோகுளோபின் அளவில் 80 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதை 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 1.1. இரண்டையும் கூட்டினால் தினமும் 1.9 மில்லிகிராம் போகிறது.

மூன்று வருடமாக உங்கள் ஹீமோகுளோபின் 11.4, 11.0, 11.2 என்று ஒரே இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். தினம் 1.9 போய்க்கொண்டிருக்க, அளவு இறங்காமல் நிற்கிறது என்றால் தினம் அதே அளவு உள்ளே வந்தாக வேண்டும். 12-ல் 1.9 என்றால் 16 சதவீதம். அரிசியும் பருப்பும் கீரையும் கொண்ட சாப்பாட்டிலிருந்து எடுக்கக்கூடியதில் இது ஏறக்குறைய உச்சம். உங்கள் குடல் ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கணவருக்கு இழப்பு ஒரு மில்லிகிராம்தான். அவர் குடலும் அதற்கு ஏற்ற அளவே எடுக்கிறது. ஃபெரிட்டின் காட்டுவது பாஸ்புக்கில் இருக்கும் இருப்பை. மாதம் எவ்வளவு சம்பளம் வருகிறது என்பதை அது காட்டாது. சம்பளம் இரண்டு மடங்கு வந்தும் வீட்டுச் செலவு அதைத் தின்றுவிட்டால் பாஸ்புக் காலியாகத்தான் இருக்கும்.

குடல் கூடுதலாக எடுத்தால் சாப்பாட்டிலேயே சரியாகிவிடாதா, மாத்திரை எதற்கு என்பது உங்கள் அடுத்த கேள்வி. இதற்கும் கணக்குதான் பதில். உங்கள் எடை 55 கிலோ என்றீர்கள். உடம்பில் ரத்தம் சுமார் 3.6 லிட்டர். ஹீமோகுளோபின் 11.2-லிருந்து 13-க்கு ஏற 65 கிராம் ஹீமோகுளோபின் கூடுதலாக வேண்டும். ஒரு கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு என்றால் 220 மில்லிகிராம். அதற்கு மேல் கையிருப்புக்கு 300. மொத்தம் 500 மில்லிகிராமுக்கு மேல் பற்றாக்குறை. சாப்பாட்டை எவ்வளவு திருத்தினாலும் செலவு போக நாளுக்கு 0.3 மில்லிகிராம் மிச்சமானால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் 500 மில்லிகிராம் சேர நாலரை வருடத்துக்கு மேல் ஆகும். 60 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒரு மாத்திரையில் உங்களைப் போன்று கையிருப்பு காலியான உடம்பு 15, 20 சதவீதம் எடுத்தாலும் ஒரே நாளில் 9 முதல் 12 மில்லிகிராம் உள்ளே போகும். முருங்கைக்கீரையில் குறை ஒன்றும் இல்லை. இத்தனை பெரிய கடனை அதன் தலையில் வைப்பதுதான் நியாயமில்லாதது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் வருடக்கணக்காகப் பார்க்கும் தவறு இதுதான். என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை மூன்று முறை மாத்திரை ஆரம்பித்தார். மூன்று முறையும் ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்தினார், ஒரு வருடத்துக்குள் திரும்ப 10-க்கு வந்தார். தனக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, அழுதுகொண்டேதான் என் அறைக்குள் வந்தார். உள்ளே வரும் இரும்பை முதலில் வாங்கிக்கொள்வது மஜ்ஜை. ஹீமோகுளோபின் சரியான பிறகே கையிருப்பு நிரம்ப ஆரம்பிக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் உடம்பின் அவசரம் தணிந்து, ஹெப்சிடின் மெல்ல ஏறி, அதே மாத்திரையிலிருந்து எடுக்கும் சதவீதம் குறைந்துவிடும். கையிருப்பு நிரப்புவது அதனால்தான் ஆமை வேகத்தில் நடக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் குறைந்தது மூன்று மாதம் தொடரச் சொல்வது இதற்காகத்தான். நிறுத்தும் முன் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அந்த ஆசிரியைக்குக் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. அதைக் கவனித்த பிறகுதான் இந்தச் சுற்று நின்றது.

உங்கள் விஷயத்திலும் மாத்திரையைவிட முக்கியமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மாத்திரையால் ஃபெரிட்டினை 40-க்கு ஏற்றி நிறுத்தினால், அந்தக் கையிருப்பில் உங்கள் குடல் இன்று எடுக்கும் அளவு எடுக்காது. செலவோ அப்படியே இருக்கும். தினம் ஒரு மில்லிகிராம் பற்றாமல் போனால்கூட 300 மில்லிகிராம் ஒரு வருடத்துக்குள் கரைந்துவிடும். ஆகவே மகளிர் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்து, போக்கு ஏன் அதிகம் என்று கண்டுபிடித்து, அதைக் குறைக்க வழி செய்யுங்கள். வெட்கப்பட்டோ, எல்லாருக்கும் இப்படித்தான் என்றோ தள்ளிப்போடாதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. எல்லாருக்கும் இருப்பதாலேயே இது சாதாரணம் ஆகிவிடாது.

மாத்திரையை எப்படி எடுப்பது என்பதில் கடந்த பத்து வருடத்தில் புதிய விஷயங்கள் வந்திருக்கின்றன. 2015-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், கையிருப்பு குறைந்த இளம் பெண்களுக்கு மாத்திரை கொடுத்து அளந்தார்கள். அளவை 40-லிருந்து 240 மில்லிகிராமுக்கு ஆறு மடங்கு கூட்டியபோது உள்ளே போன இரும்பு மூன்று மடங்குக்குக் கீழேதான் கூடியது. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு வேளை எடுத்தால் ஹெப்சிடின் எகிறி ஒரு நாள் முழுக்க இறங்காமல் நின்றது. 2017-ல் அதே குழு, தினமும் எடுத்தவர்கள் 16.3 சதவீதமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதமும் உறிஞ்சியதாகக் காட்டியது. இந்த உறிஞ்சுதல் அளவீடுகள் நம்பத்தக்கவை. இதை வைத்து எல்லாருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா என்பதில்தான் மருத்துவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு மாத்திரையிலிருந்து எடுக்கும் சதவீதம் கூடினாலும், எடுக்கும் மாத்திரைகளின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறதே. ரத்த சோகை கடுமையாக இருக்கும்போது மஜ்ஜையின் தேவை ஹெப்சிடினை அமுக்கி வைப்பதால், அவர்களுக்குத் தினமும் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. நான் பின்பற்றுவது இது: சோகை லேசாக இருந்து, வயிறு ஒத்துக்கொள்ளாமல் தவிப்பவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மற்றவர்களுக்குத் தினம் ஒரே வேளை. காலை, மாலை என்று இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதை விட்டுவிட்டேன். காலை மாத்திரையால் ஏறிய ஹெப்சிடின் மாலை மாத்திரையின் வழியை அடைத்துவிடும். கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் மாத்திரையை மாற்ற வேண்டாம். அரசுத் திட்டப்படி ரத்த சோகை இல்லாத கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று; சோகை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு.

கர்ப்பம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1994-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகள் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சிய இரும்பு 12-ஆம் வாரத்தில் 7 சதவீதம், 24-ஆம் வாரத்தில் 36, 36-ஆம் வாரத்தில் 66. கையிருப்புக்கு ஏற்ப உடம்பு தன்னை எவ்வளவு தூரம் மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது இங்கிலாந்துக் காலை உணவு. நம் சாப்பாட்டில் தானியத்தின் ஃபைட்டேட் கதவுக்கு முன்பே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தாலும் வரத்துக்காலில் தண்ணீர் வந்தால்தானே உள்ளே போகும்.

அதனால் சாப்பாட்டில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள், அதற்குப் பலன் உண்டு. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம்தான் முதல் எதிரி. 1975-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் அளந்த ஆய்வில், சோற்றோடு டீ குடித்தபோது உறிஞ்சுதல் கால் பங்காக விழுந்தது. இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்காதீர்கள். கால்சிய மாத்திரை எடுத்தால் அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் சில மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த ரசமோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். இதில் சந்தேகமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் அளந்தால் வைட்டமின் சி-யின் பலன் பெரிதாகத் தெரிகிறது. மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஃபெரிட்டின் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கையிருப்பு உள்ளவர்களுக்கு ஷட்டர் பெரும்பாலும் மூடியே இருப்பதால் எலுமிச்சை பெரிதாக ஒன்றும் செய்யாது. உங்களைப் போல் திறந்து கிடப்பவர்களுக்குத்தான் அது உதவும்.

சரி, குடல் உண்மையிலேயே உறிஞ்சாமல் போவது உண்டா? உண்டு. இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், பேன்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், ஹெலிகோபாக்டர் கிருமித் தொற்று உள்ளவர்கள், தீராத வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் இந்த வகை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாத்திரையை ஒழுங்காக எடுத்து நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவுக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறினால் குடல்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஏறாவிட்டால் திரும்ப மருத்துவரிடம் போங்கள். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் இப்படி 9 என்று வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லி நேரம் கடத்தவே கூடாது. வயிற்றிலோ பெருங்குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறதா, அங்கே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கையிருப்பு மட்டும்தான் ஹெப்சிடினிடம் பேசுகிறது என்றில்லை. மஜ்ஜையும் பேசும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில் மஜ்ஜை ஓயாமல் உழைத்தும் நல்ல அணுக்கள் வருவதில்லை. அது அனுப்பும் எரித்ரோஃபெரோன் என்ற செய்தி ஹெப்சிடினை அமுக்கிவிடும். இரும்பு நிரம்பி வழியும் உடம்பில் குடல் இன்னும் இன்னும் என்று உறிஞ்சும். ரத்தம் ஏற்றாத தலசீமியா நோயாளிகளுக்கும் கல்லீரலில் இரும்பு குவிவது இப்படித்தான். தலசீமியாவை மரபாக மட்டும் சுமப்பவர்களுக்கு இந்த ஆபத்து பெரிதாக இல்லை. ஆனால் அவர்களுடைய ரிப்போர்ட் இரும்புக் குறைபாடு போலவே தோன்றுவதால் ஃபெரிட்டின் பார்க்காமலே வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஃபெரிட்டின் 9 என்பதால் இரும்புக் குறைபாடு உறுதி. ஃபெரிட்டின் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கையிருப்பு காலி. இருந்தாலும் இரும்பு நிரம்பிய பிறகும் எம்.சி.வி. (சிவப்பு அணுக்களின் சராசரி அளவு) குறைவாகவே நின்றால், தலசீமியா மரபைக் கண்டுபிடிக்கும் ஹெச்.பி.ஏ.2 சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

ஃபெரிட்டின் கூடினால் அப்படி ஒரே அர்த்தம் கிடையாது, அங்கேதான் உங்கள் கணவர் வருகிறார். கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, மது, காய்ச்சல், மூட்டு வீக்கம் எல்லாமே ஃபெரிட்டினை ஏற்றும். வீக்கம் இருக்கும்போது ஹெப்சிடினும் ஏறி, குடலின் கதவை மூடுவதோடு கையிருப்பையும் பூட்டிவிடும். கையில் இரும்பு இருந்தும் மஜ்ஜை பட்டினி கிடக்கும். தொற்றோ வீக்கமோ உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாடாகக் கருதலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இதனால்தான். மற்றவர்களுக்கு அந்த வரம்பு 15. உங்கள் கணவருக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது. அவருடைய 380-ல் பெரும்பகுதி அந்தக் கல்லீரலின் புலம்பலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எட்டால் பெருக்கி மூன்று கிராம் இரும்பு குவிந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், அந்தக் கணக்கு இவருக்குப் பொருந்தாது. ஒரு காலையில் வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்புக் குவியலை ஓரமாக வைத்துவிட்டு எடை, சர்க்கரை, கல்லீரலைக் கவனிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் ரத்தவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே ஹெப்சிடின் சரியாகச் சுரக்காமல் இரும்பு குவியும் நோய் ஒன்று உண்டு. வட ஐரோப்பிய வம்சத்தவரிடம் அதிகம் காணப்படும் வகைக்குக் காரணமான ஜீனை 1996-ல் கண்டுபிடித்தார்கள். நம் மக்களிடம் அந்த மாற்றம் அரிது. வீட்டுக் கீரையை அவருக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை, அவர் குடல் வேண்டாததை விட்டுவிடும். உங்கள் இரும்பு மாத்திரையை மட்டும் சத்து மாத்திரைதானே என்று அவர் விழுங்கக் கூடாது.

கடைசியில் மகளைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பதின்மூன்று வயது, போன வருடம் வயதுக்கு வந்தாள், சீக்கிரம் களைத்துப்போகிறாள் என்று. வளர்த்தி, மாதவிடாய் இரண்டும் ஒன்றாக வரும் வயது இது. அவள் குடலும் உங்கள் குடலைப் போலவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கலாம். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற மாத்திரையைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் பூச்சி மாத்திரையையும் தவற விடாதீர்கள். கொக்கிப்புழுத் தொற்றே போதும், குடல் சேர்த்ததை அதே குடலில் உறிஞ்சிவிட. நீங்கள் அடுத்த முறை ரத்தச் சோதனைக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போய் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.